விரல் அறியும் நாணயம்

பொருளீட்டுதல் உழைப்பால் மட்டும் நிறைவுறுவதன்று. ஈட்டிய பொருளைத் தானே எண்ணி, தானே காத்து, தானே செலவிடும் உரிமையும் உடன் அமைதல் வேண்டும். பிறர் எண்ணித் தரும் காசை நம்பியிருப்பவன் உழைப்பாளியாயினும் உரிமையாளன் ஆகான். பார்வையும் செவிப்புலனும் இழந்தோர் வாழ்வில் இவ்வுண்மை எங்ஙனம் விளங்குகின்றது என்பதை, தாம்பரம் இருப்புப்பாதை வணிகத்தை நிலைக்களனாகக் கொண்டு ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

தாம்பரத்திற்குத் தெற்கே, செங்கற்பட்டை அடுத்த பொன்விளைந்த களத்தூரில் பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் அந்தகக்கவி வீரராகவ முதலியார். சேயூர்க் கலம்பகம் முதலிய நூல்களை இயற்றிய இப்பார்வையற்ற புலவர், தம் முதுகில் பிறர் விரலால் எழுதிக் காட்ட எழுத்தறிந்தார் என்பது வழிவழி வரும் செய்தி. கண்ணின் பணியை மெய் ஏற்றது. ஆயின், புலமைக்குக் கிடைத்தது பரிசில், வள்ளல்கள் உவந்தளித்தது. முன்பின் அறியாதார் கூட்டத்திடையே சில்லறை எண்ணிக் கொடுத்து வாங்கும் நெருக்கடி பரிசில் வாழ்க்கையில் இல்லை.

மெய்யுணர்வால் விலையறிதல் நம் வணிக மரபிற்குப் புதிதன்று. மாட்டுச் சந்தையில் தரகர் இருவர் துண்டினால் கைகளை மூடி, ஒருவர் விரலை மற்றவர் பற்றியே விலை பேசி முடிப்பர். அருகில் நிற்பார் காண்பதுமில்லை, கேட்பதுமில்லை. ஆதலின், விலை பேசுதற்குக் கண்ணும் செவியும் இன்றியமையாதன அல்ல. இருவர்க்கும் பொதுவானதொரு குறியே வேண்டுவது என்பது பெறப்படும்.

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்தொடர்வண்டி 1931ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கியது. நாளடைவில் இத்தடம் பார்வையற்றோர் பலர்க்கு அங்காடித் தெருவாயிற்று. எழுதுகோல், கைக்குட்டை, சீப்பு, கடலை மிட்டாய் ஆகியவற்றைச் சுமந்து, கம்பியைப் பற்றியவாறு விலை கூறி விற்போரை இத்தடத்தில் செல்வோர் நன்கறிவர். அடுத்த நிலையம் வருமுன் பொருளைக் கொடுத்து, பணத்தைத் தடவியறிந்து, மீதிச் சில்லறை தருதல் வேண்டும். வாங்கியவர் இறங்கிவிட்டால் பிழையைத் திருத்த வழியில்லை.

முன்னைய காசுகள் இவ்விரலுக்கு இசைந்தன. 1950ஆம் ஆண்டு வரிசையில் ஓரணா நெளிவிளிம்புடையது, ஈரணா சதுரம். 1957இல் புதுக்காசு முறை வந்தபோதும் ஐந்து காசு சதுரமாகவும் பத்துக் காசு நெளிவிளிம்புடனும் அமைந்தன. 1992இல் பதினொரு பக்கங்களுடன் வந்த இரண்டு ரூபாய்க் காசு பின்னர் வட்டமாக்கப்பெற்றது. அதனை ஒரு ரூபாயினின்று பிரித்தறிதல் அரிதாயிற்று.

தாள்களின் வரலாறும் இத்தகையதே. 1996இல் தொடங்கிய காந்தியடிகள் வரிசையில் 20 ரூபாய்க்குச் செவ்வகம், 50க்குச் சதுரம், 100க்கு முக்கோணம், 500க்கு வட்டம் எனப் புடைப்புக் குறிகள் இடம்பெற்றன. 100, 500 ரூபாய்த் தாள்களின் நீளம் முறையே 157, 167 மில்லிமீட்டர். 2016 நவம்பரில் பழைய 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாதனவாயின. அதனைத் தொடர்ந்து வந்த புதிய வரிசையில் 100, 200, 500 ரூபாய்த் தாள்களின் நீளம் 142, 146, 150 மில்லிமீட்டர். அகலமோ மூன்றற்கும் 66. அடுத்தடுத்த இரு தாள்களுக்கிடையே இருந்த பத்து மில்லிமீட்டர் வேறுபாடு நான்காகச் சுருங்கியது. புடைப்புக் குறியும் 100 ரூபாய் முதலான தாள்களுக்கே உரியதாயிற்று. வண்டி வணிகர் கையில் மிகுதியாகப் புழங்கும் 10, 20, 50 ரூபாய்த் தாள்கள் அதனைப் பெறவில்லை.

குறையை நீக்கும் முயற்சிகளும் நிகழ்ந்துள்ளன. 2019இல் தடவியறிதற்கேற்ற புதிய காசு வரிசை வந்தது. அதில் இருபது ரூபாய்க் காசு பன்னிரு பக்கமுடையது. 2020இல் ரிசர்வ் வங்கி, தாளின் மதிப்பைக் கைப்பேசி வாயிலாக ஒலித்துக் காட்டும் ‘மணி’ என்னும் செயலியை வெளியிட்டது. எனினும் ஒரு கையில் சரக்கும் மறு கையில் கம்பியுமாக நிற்பவர், நெரிசலில் கைப்பேசியைத் தாளுக்கு நேரே பிடித்தல் எளிதன்று. பணம் வந்ததை உரக்கக் கூறும் கடைப்பெட்டி பார்வையற்றார்க்குத் துணை. செவிப்புலன் அற்றார்க்கோ திரையில் தோன்றும் எழுத்தே துணை. ஒரு கருவி அனைவர்க்கும் போதும் என்று கருதுதல் தவறு.

சட்டத்திலும் இம்முரண் உண்டு. ஊனமுற்றோர் தம் பொருளைத் தாமே ஆளவும் வங்கிக் கடன் பெறவும் பிறரோடு ஒத்த உரிமையுடையர் என 2016ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகின்றது. ஆனால் 1989ஆம் ஆண்டு இருப்புப்பாதைச் சட்டம் உரிமமின்றி வண்டியில் விற்றலைக் குற்றமாக வகுத்தது. 2014ஆம் ஆண்டுத் தெருவோர வணிகர் சட்டமோ, இருப்புப்பாதைக்குரிய இடங்களையும் வண்டிகளையும் தன் எல்லைக்குப் புறம்பாக்கியது. பொருளை ஆளும் உரிமை தரப்பெற்றது. அதனை ஈட்டும் இடம் தரப்பெறவில்லை.

நாணயம் என்னும் சொல் காசையும் நேர்மையையும் ஒருங்கே குறிப்பது. ‘இஃது ஐம்பது ரூபாய்’ என்று பயணி உண்மை கூறும்போது, காசில் உள்ள குறையை அவர்தம் நேர்மை ஈடுசெய்கின்றது. அது போற்றத்தக்கது. ஆயினும் வணிகன் தன் வருவாயைப் பிறர் வாய்மொழி கொண்டே அறிய வேண்டியிருத்தல் முறையன்று. ஐயமின்றி விரல் அறியும் காசும், அச்சமின்றி நின்று விற்கும் இடமும் அவர்க்கு வேண்டும். இவ்விரண்டும் அமைந்தாலன்றி அவர் ஈட்டம் முழுமையாக அவருடையதாகாது என்பதே எம் துணிபு.