எளிமையின் அளவுகோல்: இந்தியா மார்க் கைப்பம்பை முன்வைத்து

பொருள் வடிவமைப்பில் எளிமையைப் பற்றிப் பேசுவோர் டீட்டர் ராம்ஸ் பிரௌன் நிறுவனத்துக்காக வடிவமைத்த வானொலிகளையும் கணிப்பான்களையுமே பெரும்பாலும் சான்று காட்டுகின்றனர். தேவையற்றதைக் களைவதே அங்கு நெறி. பயன்படுத்துவோரின் கண்ணும் கையும் உணரும் எளிமையை அச்சான்றுகள் நன்கு விளக்குகின்றன. பழுதான பொருளைத் திறந்து சரிசெய்ய வேண்டியவருக்கு அவ்விவாதத்தில் இடம் குறைவு. அவரை விலக்கிய எளிமை அரைகுறையானது என்பதே என் வாதம்.

இந்தியக் கைப்பம்பின் கதை அதைக் காட்டும். 1960களின் பிற்பகுதி வறட்சிக்குப் பின், யுனிசெஃப் உதவியுடன் கடும்பாறைப் பகுதிகளில் ஆழ்துளைக் கிணறுகள் ஏராளமாக அமைக்கப்பட்டன. அவற்றின்மேல் நிறுத்தப்பட்ட வார்ப்பிரும்பு அடிபம்புகள், மேலைநாட்டுப் பண்ணைகளில் ஒரு குடும்பம் நீர் இறைப்பதற்கென அமைந்தவற்றின் நகல்கள். உறுப்புகளும் குறைவு, விலையும் குறைவு. ஊரே குடத்தோடு வரிசையில் நின்று நாள் முழுதும் அடித்தபோது அச்சாணிகள் தேய்ந்தன, வார்ப்புகள் உடைந்தன.

மாற்று வழி மகாராஷ்டிரத்தின் ஜால்னா, சோலாப்பூர் பட்டறைகளில் பிறந்தது. அதைச் செம்மைப்படுத்தி இந்தியா மார்க் 2 ஆக்கிய பணியில் யுனிசெஃபுடன் சென்னையின் ரிச்சர்ட்சன் அண்ட் க்ரூடாஸ் ஆலைக்கும் பங்குண்டு; 1970களில் கோவை வட்டாரத்தில் களச்சோதனை நடந்தது. எஃகுத் தலைப்பகுதி, ஒரே அச்சு, அதில் பால் பேரிங்குகள். கைப்பிடியின் உள்முனையில் வில்வடிவத் தகடு, அதைத் தழுவிய சங்கிலி. கைப்பிடி வளைவாக நகர்ந்தாலும் சங்கிலி உள்கம்பியை நேர்செங்குத்தாகவே தூக்குகிறது. பக்கவாட்டு இழுப்பில்லை, தேய்மானம் குறைவு. பேரிங்கும் சங்கிலியும் பழைய பம்பில் இல்லாத சேர்க்கைகள். களைந்ததால் அல்ல, சேர்த்ததால் இப்பம்பு நின்று உழைத்தது. உறுப்புகளை எண்ணி எளிமையை அளப்பது பிழை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

ஆயினும் மார்க் 2 தன் சிக்கலை நிலத்தடியில் வைத்திருந்தது. சிலிண்டரின் வாஷர் தேய்ந்தால் இரும்புக் குழாய்த் தொடர் முழுவதையும் மேலே தூக்க வேண்டும். அதற்குத் தனிக் கருவிகளும் பயிற்சி பெற்ற குழுவும் வண்டியும் தேவை. 1980களில் உலக வங்கியும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் கோவையில் நடத்திய களச்சோதனை இங்குதான் கைவைத்தது. தோல் வாஷரைவிட நைட்ரைல் ரப்பர் வாஷர் வெகுகாலம் தாங்கியது. அடுத்து வந்த மார்க் 3இல் குழாயை அகலமாக்கினர். பிஸ்டனையும் அடிவால்வையும் குழாயைக் கழற்றாமலே அதன் வழியே உருவிவிடலாம். பழுதுபார்ப்பு ஊராரின் கைக்கு நெருங்கியது.

அகலக் குழாய் கனமானது, விலை கூடியது என்ற மறுப்பு நியாயமானதே; மார்க் 2 இன்றும் பரவலாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் கொள்முதல் கணக்கில் குழாயின் விலைக்கு இடம் உண்டு. பழுது நீக்கும் குழு வரும்வரை பெண்கள் வேறு இடத்துக்கு நீருக்காக நடக்கும் நாட்களுக்கு இடம் இல்லை. அந்நாட்களையும் சேர்த்துக் கணக்கிட்டால், நீர்மட்டம் அதிகம் இறங்காத ஊர்களில் மார்க் 3ஐத்தான் எளிய வடிவமைப்பு என்பேன். நீர் மிக ஆழத்தில் உள்ள ஊர்களுக்கு மார்க் 2 பொருந்தும். அங்கே பழுது நீக்கும் குழுவின் ஊதியத்தையும் பம்பின் விலையோடு சேர்த்தே ஒதுக்க வேண்டும்.