மனையும் தொலைவும்

டில்லியில் வாழும் தமிழர்களுக்கு 'ஜுக்கி' என்னும் சொல்லை விளக்க வேண்டுவதில்லை. நாடு விடுதலை பெற்றபின் தலைநகரில் செயலகங்களும் அலுவலர் குடியிருப்புகளும் பெருகின. அவற்றைக் கட்டக் கிராமங்களிலிருந்து மக்கள் வந்தனர். வேலை கிடைத்தது, உறைவிடம் கிடைக்கவில்லை. ஆகவே வேலைத்தலத்தின் ஓரத்திலேயே குடிசைகள் எழுந்தன.

1960-ஆம் ஆண்டில் அரசாங்கம் இக்குடிசைகளைக் கணக்கெடுத்தது. கணக்கில் இடம்பெற்ற குடும்பத்துக்கு 80 சதுர கஜ மனை அளிப்பதென்று திட்டம் வகுக்கப்பட்டது. நல்ல ஏற்பாடுதான். ஆயினும் மனை பெற்றவர்களில் பலர் அதை விற்றுவிட்டு, பழைய இடத்தின் அருகிலேயே மீண்டும் குடிசை போட்டனர். விற்பனையைத் தடுக்க எண்ணிய அதிகாரிகள் மனையைச் சுருக்கினர்; அது 25 சதுர கஜமாயிற்று. மனை ஏன் விற்கப்பட்டது என்பதை அவர்கள் ஆழ்ந்து நோக்கியதாகத் தெரியவில்லை. அன்றாடக் கூலிக்குச் செல்பவனுக்கு, வேலைக்கு நடந்தே போகக்கூடிய தொலைவில் இருப்பதுதான் முதற்சொத்து. அச்சொத்தை வாங்கிக்கொண்டு நிலத்தைக் கொடுத்தால் அவன் என்ன செய்வான்?

1975 முதல் 1977 வரை, நெருக்கடி நிலைக் காலத்தில், சுமார் 7 லட்சம் மக்கள் அகற்றப்பட்டனர். திரிலோக்புரி, மங்கோல்புரி, ஜகாங்கீர்புரி முதலிய குடியேற்றங்கள் அப்போது தோன்றியவையே. அங்கும் 25 சதுர கஜந்தான். மனைக்காகக் குடும்பக் கட்டுப்பாட்டுச் சான்று காட்ட நேர்ந்த கொடுமையும் அந்நாளில் உண்டு. காலப்போக்கில் நகரமே வளர்ந்து அவ்விடங்களைத் தொட்டது. இன்று திரிலோக்புரியிலும் ஜகாங்கீர்புரியிலும் மெட்ரோ ரயில் நிற்கிறது. ஆனால் இதற்கு ஒரு தலைமுறைக்கு மேலாயிற்று.

பின்னர் மனைகள் மேலும் சுருங்கின. 1990 ஜனவரிக்குள் வந்தவர்க்கு 18 சதுர மீட்டர். அதன்பின் 1998 முடிய வந்தவர்க்கு 12.5 சதுர மீட்டர். நகரில் ஒருவனுக்குள்ள உரிமையை அவனது உழைப்பு தீர்மானிக்கவில்லை. ரேஷன் கார்டிலுள்ள தேதி தீர்மானித்தது.

நம்மவர்களின் செய்திக்கு வருவோம். ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலின் கரையில் 'மதராஸி கேம்ப்' என்ற குடியிருப்பு இருந்தது. தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள் அங்கே அரை நூற்றாண்டாக வாழ்ந்தனர். பெண்கள் பலர் சுற்றுப்புறத்து வீடுகளில் வேலை செய்தனர். வடிகாலைத் தூர்வார வேண்டி, உயர்நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2025 ஜூன் 1-ஆம் நாள் அக்குடியிருப்பு இடிக்கப்பட்டது. வடிகால் அடைபட்டால் மழைவெள்ளம் சூழும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் சுமார் 370 வீடுகளில் 189-க்கே மாற்று வீடு பெறும் தகுதி உண்டென்று முதலில் முடிவாயிற்று. தகுதி பெற்றவர்க்கும் வீடு கிடைத்த இடம், ஏறக்குறைய 40 கிலோமீட்டருக்கு அப்பால், வட எல்லையிலுள்ள நரேலா.

1960-இல் மனை பெரிதாயிருந்தும் தொலைவே மக்களைத் திருப்பி அழைத்தது. நரேலாவில் மனைக்குப் பதில் மாடிவீடு, தொலைவோ பன்மடங்கு. காலையில் ஜங்புராவில் பாத்திரம் துலக்கச் செல்லும் தாய் எந்நேரம் புறப்படுவாள்? பிள்ளைகள் தமிழ் பயின்ற பள்ளி லோதி எஸ்டேட்டில் இருக்கிறது. டில்லித் தமிழ்க் கல்விக் கழகம் ஏழு பள்ளிகளை நடத்துகிறது; நரேலாவில் ஒன்றுகூட இல்லை.