21க்கு 22

பழைய சட்டசபை நடவடிக்கைகளைப் படித்தால் சீக்கிரம் தூக்கம் வந்துவிடும். கேள்வி, பதில், மானியம், தீர்மானம், ஓட்டெடுப்பு. இரண்டு தீர்மானங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் போய்விட்டது.

முதலாவது 1924, சென்னை. பொதுச் சாலைகளும் கிணறுகளும் தாழ்த்தப்பட்டோர் உட்பட எல்லோருக்கும் உரியவை என்று இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. அரசாங்கமும் ஆணை போட்டது. ஆனால் 1919 சட்டப்படி சபையின் தீர்மானம் வெறும் பரிந்துரைதான். மீறினால் தண்டனை என்று அதில் இல்லை. எத்தனையோ ஊர்க் கிணறுகள் பழையபடியே இருந்தன.

இரண்டாவது 1925 பிப்ரவரி, திருவிதாங்கூர். வைக்கம் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களை எல்லோருக்கும் திறக்கச் சொன்னது என். குமாரனின் தீர்மானம். ஆதரவு 21, எதிர்ப்பு 22. ஒரே ஓட்டில் தோற்றது. பெரியார் இரண்டு முறை சிறை போன அந்தப் போராட்டம் அதோடு நிற்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில், கிழக்குத் தெரு நீங்கலாக மற்றவை திறந்தன.

அப்போ சபைக்குள் பேசியதெல்லாம் வீணா? அப்படிச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சென்னையில் தண்ணீர் எடுக்கப் போனவர் பக்கம் ஓர் அரசாணையாவது இருந்தது. குடத்தைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு நடக்கிற வேலையை மட்டும் எந்தச் சபையும் அவருக்காகச் செய்யவில்லை.