மதுரைச் சமவெளியில் கண்மாய் அழிப்பு

மதுரைச் சமவெளியில் மீன்பிடிப்பு பெரும்பாலும் படகில்லாமலே வளர்ந்தது. வைகை வாய்க்கால்களும் வடகிழக்குப் பருவமழையும் நிரப்பும் கண்மாய்கள் ஐப்பசி, கார்த்திகையில் பெருகி, பங்குனி, சித்திரையில் வற்றத் தொடங்கும். பாசனம் முடிந்து தண்ணீர் இடுப்பளவுக்கு வந்த பிறகே ஊர் உள்ளே இறங்கும். அதுவரை பொறுத்திருந்தால் ஓடமும் வேண்டாம், ஓட்டுபவரும் வேண்டாம்.

கண்மாய் மீன் கேட்பாரற்ற பொருளாக இருந்ததில்லை. சோழ, பாண்டியர் காலக் கல்வெட்டுகள் ஏரி மீன்மேல் விதித்த வரியைப் பாசிப்பாட்டம் என்கின்றன. இன்றைய மீன்பாசிக் குத்தகை அதன் வழிவந்ததே. நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டுள்ள கண்மாய்கள் அரசின் நீர்வளத்துறையிடமும், சிறியவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் உள்ளன. மீன் முழுதும் குத்தகைக்காரர் கைக்குப் போகாமல், வற்றும் காலத்தில் ஒருநாள் எல்லோருக்குமாகத் திறந்துவிடும் வழக்கம் மேலூர், கொட்டாம்பட்டி, நத்தம், சிங்கம்புணரிப் பக்கம் இன்றும் உயிரோடிருக்கிறது. செய்தித்தாளுக்கு அது மீன்பிடித் திருவிழா. ஊராருக்குக் கண்மாய் அழிப்பு.

நாள் குறித்ததும் சுற்றுப்பட்டி ஊர்களுக்குத் தகவல் போகும். விடியுமுன்னே கரை நிறைந்துவிடும். ஆனால் யாரும் தண்ணீரில் கால் வைப்பதில்லை. காவல் தெய்வத்தைக் கும்பிட்டு, ஊர்ப் பெரியவர் கரைமேல் நின்று வெள்ளைத் துண்டை வீசினால்தான் இறங்கலாம். கூட்டத்தை ஒழுங்குபடுத்த இதைவிடச் சிக்கனமான ஏற்பாடு கிடையாது. பிடித்த மீனை விற்பதில்லை. குழம்புக்கு எடுத்துக்கொண்டு மிச்சத்தை உறவுக்காரர் வீடுகளுக்குக் கொடுப்பார்கள். சாதி, மதம் பாராமல் எல்லோரும் இறங்கினால் அடுத்த ஆண்டு மழை பொய்க்காது என்பது நம்பிக்கை.

கருவிகளில் முதன்மையானது ஊத்தா. அடி அகன்று மேலே குறுகிய, இருபுறமும் திறந்த மூங்கில் கூடை அது. சேற்றில் அழுத்தி, மேல்வாய் வழியே கைவிட்டுத் துழாவி மீனைப் பிடிப்பார்கள். கச்சா வலையும் அரிகூடையும் உண்டு. ஒன்றும் கிடைக்காதவருக்குப் பழைய சேலையே வலை. விரால், கெளுத்தி, கெண்டை, குரவை, அயிரை ஆகியவை பழைய குடிகள். கட்லாவும் ரோகுவும் வடநாட்டு ஆறுகளிலிருந்து வந்து வளர்ப்புக் குஞ்சுகளாக விடப்பட்டவை. ஊரார் ஜிலேபி என்னும் திலேப்பியா 1952-இல் மண்டபம் என்னும் ஊருக்குக் கொண்டுவரப்பட்டு, பிறகு எல்லா நீர்நிலைகளிலும் பரவியது.

ஆபத்துகள் மூன்று. கெளுத்தி, தேளி ஆகியவற்றின் முள் குத்தினால் கை வீங்கிக் கடுக்கும். மடையை ஒட்டிய பள்ளமும் மண் எடுத்த குழிகளும் மேலிருந்து பார்த்தால் தெரியாது. அடுத்தவர் ஊத்தா காலில் விழுவது மூன்றாவது. ஆழம் தெரிந்த உள்ளூர்க்காரர் முன்னே நடப்பதே இவற்றுக்கெல்லாம் பெரிய காப்பு.

படகுக்கான ஆழ்நீர் 1959-இல் வைகை அணையோடு வந்தது. 71 அடி வரை நீர் தேக்கும் இந்த அணை இன்று தேனி மாவட்டத்தில் இருக்கிறது. அன்று மதுரை மாவட்டம். அங்கே மீனவர்கள் பரிசலில் போய் வலை விரிக்கிறார்கள். வட்டமான பரிசலில் ஓரத்தை மிதித்தால் கவிழும். நடுவில் கால் வைத்து உடனே குந்த வேண்டும். நடக்க முடியாதவருக்கு அது ஏறுவதற்கான கலமே அல்ல.

அத்தகையோரும் மீன்பிடிக்க வேண்டுமென்று பிரிட்டனில் 1985-இல் தொடங்கிய ஓர் அறக்கட்டளை, முன்தட்டைச் சாய்தளமாக இறக்கிச் சக்கர நாற்காலியை அப்படியே உருட்டி ஏற்றும் தட்டையான படகுகளை ஏரிகளில் விட்டது. தமிழகத்தில் சென்னை மெரினாவில் 2022 நவம்பர் 27 அன்று மரச் சாய்தளம் திறக்கப்பட்டு, சக்கர நாற்காலி கடலருகே போக வழி வந்தது. கண்மாய்க்கு இதே முறை எளிதில் பொருந்தாது: நீர்விளிம்பு மாதத்துக்கு மாதம் உள்வாங்குவதால் நிலையான சாய்தளத்தின் முனை கோடையில் சேற்றில் நிற்கும். நீர்மட்டம் மாறும் இடத்துக்குத் தண்ணீரோடு ஏறி இறங்கும் மிதவைத் துறைதான் தோதானது. ஆனால் கண்மாய் வற்றிவிடுவதால், அதையும் வைகை அணை போன்ற ஆழ்நீரில்தான் மிதக்கவிட முடியும்.