பழைய தரச்சான்று உறைகள்: கிள்ளான் பள்ளத்தாக்கு நாணயச் சேகரிப்பில் அவற்றின் நம்பகத்தன்மை

தரச்சான்று உறை என்பது, ஒரு நாணயம் அசலா போலியா என்பதையும் அதன் தேய்மான நிலையையும் தனியார் நிறுவனமொன்று ஆராய்ந்தபின், தர எண்ணும் பதிவெண்ணும் அச்சிட்ட சீட்டோடு அந்நாணயத்தை உள்ளே வைத்து ஒட்டி மூடித் தரும் கெட்டியான, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பெட்டியாகும். சேகரிப்பாளர்கள் இதை ஸ்லாப் என்றே வழங்குகின்றனர். கோலாலம்பூரிலும் அதைச் சூழ்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கு நகரங்களிலும் கைமாறும் ஸ்லாப்களில் நீரிணைக் குடியேற்றங்களின் வெள்ளி, செம்பு நாணயங்களும், மலாயா, பிரிட்டிஷ் போர்னியோ காலக் காசுகளும், 1967 முதல் பேங்க் நெகாரா மலேசியா வெளியிட்டு வரும் நாணயங்களும் இடம்பெறுகின்றன. இவற்றுள் 1980களிலும் 1990களிலும் மூடப்பட்ட உறைகளின் தர எண்ணை இன்றும் அப்படியே ஏற்கலாமா என்பதற்கு உறையின் வயதை மட்டும் வைத்து விடை கூற முடியாது. உள்ளிருக்கும் உலோகமும் அது இத்தனை ஆண்டுகள் இருந்த இடமும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன.

இன்று வழங்கும் தர எண்கள் 1 முதல் 70 வரை செல்பவை. அமெரிக்கரான வில்லியம் ஷெல்டன், தம் நாட்டின் பழைய செம்புக் காசுகளுக்கு விலை குறிக்கும் வழியாக 1949இல் இந்த அளவுகோலை வகுத்தார். மிகத் தேய்ந்த காசின் விலையைப்போல் எத்தனை மடங்கு பெறும் என்பதையே எண் முதலில் காட்டியது. விலைக்கணக்காகப் பிறந்த எண் பின்னர் தரக்கணக்காக மாறியதால், 64க்கும் 65க்கும் இடையிலான வேறுபாட்டை அளக்கக் கருவி எதுவும் இல்லை, பயின்ற கண்ணே உண்டு. அமெரிக்க நாணயவியல் சங்கம் 1977இல் தர விதிகளை நூலாக்கியது. அச்சங்கத்தின் அனாக்ஸ் பிரிவு 1972இல் நாணயங்களின் அசல்தன்மையை ஆராயவும், 1979இல் புகைப்படச் சான்றிதழோடு தரமிடவும் தொடங்கியது. முத்திரையிட்ட உறையைப் பரவலாக்கியது 1986இல் செயற்படத் தொடங்கிய பி.சி.ஜி.எஸ். நிறுவனமாகும், அடுத்த ஆண்டில் என்.ஜி.சி. வந்தது.

உறையின் காலத்தை அதன் தோற்றமே காட்டிவிடும். பி.சி.ஜி.எஸ். நிறுவனத்தின் முதல் தலைமுறை உறை சிறியது. உள்ளே நாணயம் சற்றுத் தளர்ந்திருப்பதால் அசைத்தால் கலகலக்கும். ஏறத்தாழ 1989 வரை இவ்வகை வழக்கில் இருந்தது. பின்வந்த உறைகளில் இளம்பச்சைச் சீட்டு 1998 வரை நீடித்து, அதன்பின் நீலச் சீட்டுக்கு இடம் விட்டது. என்.ஜி.சி. தன் தொடக்க நாட்களில் கறுப்பு உள்பலகை கொண்ட உறையைச் சிறிது காலம் பயன்படுத்தி, விரைவில் வெள்ளைக்கு மாறியது.

பச்சைச் சீட்டுக் காலத்தில் தரம் கண்டிப்பாக இடப்பட்டது என்றும், பின்னர் எண்கள் படிப்படியாகத் தளர்ந்தன என்றும் அமெரிக்க வணிகரிடையே கருத்து நிலவுவதால், பழைய உறைக்கென்றே கூடுதல் விலை கேட்கப்படுகிறது. இக்கருத்தில் உண்மை இருப்பினும் ஒரு கண்ணி உண்டு. குறைத்துத் தரமிடப்பட்ட நாணயங்களை அறிந்தவர்கள் முப்பது ஆண்டுகளாகத் தேடி எடுத்து, உறையை உடைத்து மறுபடி அனுப்பி உயர்ந்த எண்ணைப் பெற்று வந்துள்ளனர். அதனால் இன்றும் பழைய உறையிலேயே எஞ்சியிருப்பவற்றில், பலரும் பார்த்து வேண்டாமென விட்டவையும் கணிசமாகக் கலந்திருக்க வேண்டும். இந்த ஐயத்தைத் தீர்க்கவே 2007இல் தோன்றிய சி.ஏ.சி. நிறுவனம், உறைக்குள் இருக்கும் நாணயத்தை மறுபடி பார்த்து, எண்ணுக்கு நன்கு பொருந்தினால் பச்சை ஒட்டுவில்லையும், எண்ணை விஞ்சினால் பொன்னிற ஒட்டுவில்லையும் இட்டுத் தருகிறது. ஆனால் அந்தச் சேவை அமெரிக்க நாணயங்களுக்கு உரியது. நீரிணை வெள்ளியை வாங்குபவருக்கு அத்தகைய இரண்டாவது கண் கிடையாது.

உலோகம் தர எண்ணை எப்படிப் பாதிக்கிறது என்பதற்கு, நீரிணைக் குடியேற்றங்களின் ஒரு வெள்ளி (டாலர்) நாணயம் தக்க எடுத்துக்காட்டாகும். 1903, 1904ஆம் ஆண்டு வெள்ளிகள் பம்பாய் அக்கசாலையில் அடிக்கப்பட்டு, 26.95 கிராம் எடையும் ஆயிரத்துக்கு 900 பங்கு வெள்ளியும் கொண்டிருந்தன. வெள்ளியின் சந்தை விலை ஏறி, நாணயத்தை உருக்கினால் ஆதாயம் என்ற நிலை நெருங்கியபோது, 1907இல் எடை 20.21 கிராமாகக் குறைக்கப்பட்டது. 1919இல் வெள்ளிப் பங்கே 500ஆகத் தாழ்ந்து, எடை 16.85 கிராமாயிற்று. உலோகம் மாறினால் மேற்பரப்பின் ஒளியும் மாறும். 1919க்குப் பிந்திய வெள்ளிகளில் இயல்பாகவே மங்கலாகத் தெரியும் பரப்பைத் தேய்மானமெனக் கொள்வதும், 1903ஆம் ஆண்டு நாணயத்தில் துலக்கி வரவழைத்த மினுக்கை அச்சுப் பளபளப்பெனக் கொள்வதும் எளிதில் நேரும் பிழைகள். அச்சுப் பளபளப்பு என்பது, அச்சு அழுத்தும்போது உலோகம் ஓடி உண்டாகும் நுண்வரிகளில் ஒளி சுழன்று வருவதாகும். நாணயத்தை ஒற்றை விளக்கின்கீழ் மெல்லச் சாய்த்தால் ஒளிக்கற்றை சக்கரம்போல் நகரும், துலக்கிய காசிலோ அது ஒரே இடத்தில் வெறித்து நிற்கும். ஏழாம் எட்வர்ட் மன்னரின் மகுட விளிம்பிலும் காதோரத்திலும் சாம்பல் படிந்திருந்தால், சீட்டில் புழங்காத நிலையைக் குறிக்கும் 62 என்றிருப்பினும் அது புழங்கிய நாணயமே. தரநிறுவனங்கள் தொடக்கத்தில் அமெரிக்க நாணயங்களையே மையமாகக் கொண்டிருந்தமையால், பழைய உறைகளின் கண்டிப்பு பற்றிய புகழை நீரிணை நாணயங்களுக்கும் அப்படியே நீட்டிப்பது பொருந்தாது.

தரமிட்ட நாளில் எண் சரியாக இருந்திருந்தாலும், நாணயம் அந்நிலையிலேயே இருக்கிறதா என்பது வேறு கேள்வி. உறைகள் காற்றுப் புகாதவை அல்ல. கிள்ளான் பள்ளத்தாக்கின் ஈரக்காற்று, குளிரூட்டாத அறை அலமாரியில் பல்லாண்டுகள் இருந்த செம்புக் காசின் சிவப்பைப் பழுப்பாக்கிவிடும், முன்பு பி.வி.சி. உறையில் கிடந்த காசாயின், மூடிய பின்னும் பச்சைப் படிவு மெல்லத் தலைகாட்டும். சீட்டில் சிவப்பு என்றிருந்து காசு பழுப்பாக இருந்தால் காசையே நம்ப வேண்டும். ஒப்பிட்டுப் பழகுவோர்க்குக் கோலாலம்பூரின் சாசானா கிஜாங் கட்டடத்தில் உள்ள பேங்க் நெகாரா அருங்காட்சியகத்தின் நாணயக் கூடம் பயன்படும்.

போலி உறை தனிச் சிக்கலாகும். 2008 வாக்கிலிருந்து பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. உறைகளையே போலியாகச் செய்து, உண்மையான பதிவெண்களை அவற்றில் அச்சிட்டு விற்பது வெளிப்பட்டது. பதிவெண்ணை நிறுவனத்தின் இணையத் தரவில் தேடும்போது புதிய நாணயங்கள் பலவற்றுக்குப் படமும் கிடைக்கும். பழைய உறைகளுக்குப் பெரும்பாலும் விவரம் மட்டுமே வரும், அதே விவரம் போலியிலும் இருக்கும். 2020 முதல் பி.சி.ஜி.எஸ். உறைகளில் வைக்கப்படும், கைப்பேசியால் படிக்கத்தக்க சில்லு பழையவற்றில் இல்லை. உறைக்குள் இருக்கும் நாணயத்தைத் தனியே எடை போடவும் இயலாது. ஆகவே பெட்டாலிங் ஜெயாவின் அம்கோர்ப் மால் வார இறுதிச் சந்தை போன்ற இடங்களில் பழைய உறையைக் காண்பவர், ஒட்டுவிளிம்பில் பிளந்து மறுபடி ஒட்டிய தடம், சீட்டின் எழுத்துரு, சீட்டின் விவரத்துக்கும் நாணயத்துக்கும் உள்ள பொருத்தம் ஆகியவற்றை உருப்பெருக்கியால் பார்த்த பின்னரே விலை பேசுதல் தகும்.

பவுன் எனப்படும் பிரிட்டிஷ் சவரனில் நிலை வேறு. கிள்ளான் ஜாலான் தெங்கு கெலானாவிலோ பிரிக்பீல்ட்ஸிலோ உள்ள நகைக்கடைக்கு அது 22 காரட்டில் 7.98 கிராம் பொன். உறையின் எண் அங்கு விலையாவதில்லை, எடை போடுவதற்கு உறை தடையாகவும் ஆகிறது. ஆனால் உறையை உடைத்த கணமே நிறுவனத்தின் உத்தரவாதம் முடிந்துவிடும், மறுபடி அனுப்பினால் அதே எண் வரும் என்ற உறுதியும் இல்லை. கீறல் விழுந்த பழைய உறையை உடைக்காமலே நிறுவனத்துக்கு அனுப்பி, அதே தர எண்ணோடு புதிய உறைக்கு மாற்றிக்கொள்ளக் கட்டண வழி உண்டு. அசல்தன்மையில் ஐயம் இருப்பவர்க்கும் அதுவே ஏற்றது, ஏனெனில் போலி உறையாயின் அது அங்கேயே பிடிபடும்.