சாணைக்கல்லின் கதை

தச்சுப் பட்டறையில் மோட்டாரோடு சுழலும் வெள்ளைச் சாணைக்கல்லைப் பார்த்தால், அதற்குப் பின்னால் இவ்வளவு சோகமான வரலாறு இருக்கும் என்று தோன்றாது.

19ஆம் நூற்றாண்டில் கத்திக்கும் உளிக்கும் பெயர் போன ஊர் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு. மணற்பாறையை வட்டமாக வெட்டிய கல்தான் அங்கே சாணைக்கல். தண்ணீர் பட்டபடியே சுழன்றால் எஃகு சூடாகாது. ஆனால் முள்கரண்டிகளைத் தண்ணீர் இல்லாமலே தீட்டினார்கள். மணற்பாறையில் இருப்பது சிலிக்கா. அந்தத் தூசி நுரையீரலை அரித்துவிடும். உலர்சாணை பிடிப்பவர்களின் சராசரி ஆயுள் 35 வயதைத் தொடுவதே அரிது, ஈரச்சாணைக்காரர்களுடையது 45ஐத் தாண்டுவது அரிது என்று எங்கெல்ஸ் தமது 1845ஆம் ஆண்டு நூலில் எழுதுகிறார். முள்கரண்டிக்காக ஓர் ஆயுள்!

1891இல் அமெரிக்காவில் எட்வர்ட் அச்சிசன் செயற்கை வைரம் செய்யப் போய், களிமண்ணையும் கல்கரித் தூளையும் மின்சாரத்தால் சுட்டார். வைரம் வரவில்லை, சிலிக்கன் கார்பைடு வந்தது. 'கார்போரண்டம்' என்று பெயர் வைத்தார். சில ஆண்டுகளிலேயே பாக்சைட்டை உருக்கி அலுமினியம் ஆக்சைடும் செய்தார்கள். எஃகு உளிக்குப் பொருந்துவது இதுதான்.

செயற்கைக் கற்கள் மெல்ல மணற்பாறையின் இடத்தைப் பிடித்தன. கல்லிலிருந்து வந்த சிலிக்காத் தூசி போயிற்று. கூடவே தண்ணீரும் போயிற்று. வேகமாகச் சுழலும் உலர்ந்த கல்லில் உளியின் நுனி நீலமாகிவிட்டால் அதன் கடினம் போய்விட்டது என்று பொருள். வெள்ளைக் கல்லில் மழுங்கிய துகள் சீக்கிரம் உதிர்ந்து புதிய கூர் வெளிவரும், சூடும் குறையும். கிரைண்டரோடு வந்த சாம்பல் நிறக் கல்லைக் கழற்றிவிட்டுத் தச்சர்கள் 60 அல்லது 80ஆம் நம்பர் வெள்ளைக் கல்லைத் தேடுவது இதனால்தான். அப்போதும் பக்கத்தில் ஒரு குவளைத் தண்ணீர் இருக்கும்.