டெலிகன்வர்ட்டரும் கிராப்பும்: அந்தமான் பறவைப் படங்களில் சிறு கேமரா

லென்ஸைக் கழற்றி மாற்ற முடியாத கேமராவில், தொலைவில் இருப்பதைப் பெரிதாகக் காட்ட இரண்டு வழிகள் உண்டு. லென்ஸின் வாயில் இன்னொரு கண்ணாடித் தொகுதியைத் திருகிப் பொருத்துவது ஒரு வழி. அந்தத் தொகுதிக்கு டெலிகன்வர்ட்டர் என்று பெயர். எடுத்த படத்தின் நடுப்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு சுற்றியுள்ளதை வெட்டிவிடுவது இன்னொரு வழி. இதைக் கிராப் என்கிறார்கள். ஜூம் எட்டாத இடத்தில் எதை நம்புவது என்ற கேள்வி, பறவை பார்க்க அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்குப் போகிறவர்களுக்குக் கட்டாயம் எழும். வேறெங்கும் இல்லாத இருபதுக்கும் மேற்பட்ட பறவையினங்கள் இங்கே வாழ்கின்றன. அவற்றில் பல உயர்ந்த பசுமைமாறாக் காட்டின் உச்சிக்கிளையில்தான் அமரும். கப்பல், படகு, பேருந்து என்று மாறி மாறிப் போகிறவர்கள் மூன்று கிலோ லென்ஸைச் சுமக்க விரும்புவதில்லை. பைக்குள் அடங்கும் கேமராவோடுதான் வருகிறார்கள்.

பெயரில் ஒரு குழப்பம்

டெலிகன்வர்ட்டர் என்ற சொல் மூன்று வெவ்வேறு பொருள்களுக்கு வழங்குகிறது. லென்ஸைக் கழற்றக்கூடிய கேமராக்களில் அது உடலுக்கும் லென்ஸுக்கும் இடையில் மாட்டும் துண்டு. 1.4 மடங்குத் துண்டு ஒளியைப் பாதியாகவும், 2 மடங்குத் துண்டு கால் பங்காகவும் குறைத்துவிடும். சிறு கேமராவுக்கு உரியது முன்னால் மாட்டுவது. முன்பக்கம் குவிவில்லை, பின்பக்கம் குழிவில்லை என்று அமைந்த இது, அமைப்பில் கலிலியோவின் தொலைநோக்கியேதான். தன்னளவில் படம் எதையும் உருவாக்காது. உள்ளே போகும் காட்சியைப் பெரிதாக்கி லென்ஸிடம் கொடுக்கும், அவ்வளவே. கேமரா மெனுவில் காணும் ‘டிஜிட்டல் டெலிகன்வர்ட்டர்’ மூன்றாவது. அதில் கண்ணாடியே கிடையாது. சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளும் கிராப்தான் அது. கணினியில் செய்வதைக் கேமராவே செய்து தருகிறது. மெனுவில் கண்ட பெயரை நம்பி, லென்ஸின் வலிமை கூடிவிட்டது என்று எண்ணுகிறவர்கள் நிறைய. இந்த ஒரு வேறுபாடு தெரிந்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

கன்வர்ட்டர் கட்டாயமாக இருந்த காலம்

1999இல் வந்த நிக்கான் கூல்பிக்ஸ் 950 கேமராவில் இருந்தவை 2 மெகாபிக்சல்கள். இரண்டு மடங்கு பெரிதாக்க அதைக் கிராப் செய்தால் மிஞ்சுவது அரை மெகாபிக்சல். சிறு அளவில்தான் அச்சிடலாம். ஆகவே அந்தக் கேமராவுக்கு நிக்கானே 2 மடங்கு முன்கன்வர்ட்டரை விற்றது. 2004இல் வந்த பானாசோனிக் எஃப்.இசட். 20 கேமராவுக்கு 5 மெகாபிக்சல், (35 மி.மீ. ஃபிலிம் கேமராவின் கணக்கில்) 432 மி.மீ.க்கு நிகரான ஜூம், எந்த ஜூமிலும் மாறாத எஃப் 2.8 துளை. 1.7 மடங்குக்கு அதைக் கிராப் செய்தால் 1.7 மெகாபிக்சல்தான் மிஞ்சும். 1.7 மடங்கு கன்வர்ட்டரை மாட்டினாலோ 5 மெகாபிக்சலும் முழுதாகக் கிடைக்கும். அப்போதைய சிறு கேமராக்காரர்கள் முன்கன்வர்ட்டர்களைத் தேடித் தேடி வாங்கியதில் வியப்பில்லை. அது சரியான முடிவும்கூட.

அந்தக் காலத்துப் பரிந்துரை இன்றைக்கும் அப்படியே சொல்லப்படுவதுதான் சிக்கல். கிராப் 1.4 மடங்கானால் பிக்சல்கள் பாதியாகும், 1.7 மடங்கானால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும். 2 மடங்கானால் கால் பங்கு. கணக்கு மாறவில்லை, தொடங்கும் எண் மாறிவிட்டது. 20 மெகாபிக்சல் படத்தை 1.67 மடங்கு கிராப் செய்தாலும் 7.2 மெகாபிக்சல் மிஞ்சும். 8க்கு 10 அங்குலத் தாளில், அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் அச்சிட அது போதும்.

சிடியா டாப்புவில் ஒரு மரங்கொத்தி

தெற்கு அந்தமானின் தென்முனையில், ஸ்ரீ விஜயபுரம் என 2024இல் பெயர் மாறிய போர்ட் பிளேரிலிருந்து ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவில் இருக்கிறது சிடியா டாப்பு. அங்கே 30 மீட்டர் தொலைவில் ஓர் அந்தமான் மரங்கொத்தி பட்ட மரத்தில் தொற்றி நிற்பதாக வைத்துக்கொள்வோம். கருத்த உடல், சிவந்த கொண்டை, ஏறத்தாழ 38 செ.மீ. நீளம். இதை மூன்று கேமராக்களில் எடுத்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகிவிடும்.

சட்டைப்பையில் அடங்கும் சோனி ஆர்.எக்ஸ். 100 ஏழாம் பதிப்பில், 200 மி.மீ.க்கு நிகரான முழு ஜூமில் பறவையின் நீளம் ஏறத்தாழ 380 பிக்சல். சற்றுப் பெரிய ஆர்.எக்ஸ். 10 நான்காம் பதிப்பில், 600 மி.மீ.க்கு நிகரான ஜூமில் 1,150 பிக்சல். நிக்கான் பி 900இல், 2000 மி.மீ.க்கு நிகரான ஜூமில் 3,370 பிக்சல். பறவை சட்டத்தையே நிரப்பிவிடும். எண்களை மட்டும் பார்த்தால் நிக்கான் சோனி ஆர்.எக்ஸ். 10ஐ மூன்று மடங்கு வென்றதுபோலத் தெரியும்.

ஆனால் ஒளி நுழையும் வாயைப் பாருங்கள். நிக்கானின் உண்மையான குவியத் தூரம் 357 மி.மீ., துளை எஃப் 6.5. குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் வாயின் அகலம் 55 மி.மீ. சோனி ஆர்.எக்ஸ். 10இன் குவியத் தூரம் 220 மி.மீ., துளை எஃப் 4. அதை வகுத்தாலும் 55 மி.மீ.தான். இரண்டு கேமராக்களும் ஒரே அகலமுள்ள சன்னல் வழியாகத்தான் அந்தப் பறவையைப் பார்க்கின்றன. ஷட்டர் வேகம் ஒன்றாக இருந்தால் பறவையிடமிருந்து இரண்டுக்கும் கிடைக்கும் ஒளியும் ஒன்றே. ஒளியின் விளிம்பு விலகல் என்ற இயற்பியல் எல்லையும் ஒன்றே: 30 மீட்டரில், 55 மி.மீ. வாயால் பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய நுணுக்கம் ஏறத்தாழ 0.37 மி.மீ. சோனியின் ஒரு பிக்சல் பறவையின்மேல் 0.33 மி.மீ.யை அளக்கிறது, நிக்கானின் ஒரு பிக்சல் 0.11 மி.மீ. சோனிக்குப் பிக்சல் கொஞ்சம் பற்றாக்குறை என்பது உண்மை. நிக்கானிலோ, கண்ணாடி கொண்டுவராத நுணுக்கத்தைப் பல பிக்சல்கள் பங்குபோட்டுக்கொள்கின்றன. இறகின் வரிகள் சற்றுக் கூடுதலாகத் தெரியும். மூன்று மடங்கு தெரியாது.

இதிலிருந்து கிடைக்கும் விதி ஒன்றே. சென்சாரில் விழும் படத்தில் பிக்சல்களால் பிடிக்க முடியாத நுணுக்கம் மீதம் இருந்தால் டெலிகன்வர்ட்டர் உதவும்; இல்லையென்றால் வெறும் வீக்கத்தைத்தான் தரும். பி 900இன் முழு ஜூமுக்கு முன்னால் கன்வர்ட்டர் மாட்டுவது பெரும்பாலும் வீண். முழு ஜூமில் எடுத்ததை மேலும் கிராப் செய்வதும் அங்கே அதிகம் தராது.

கண்ணாடியின் அகலம்

முன்கன்வர்ட்டர் ஒளியைக் குறைக்காது என்று சொல்வதுண்டு. அது நிபந்தனையோடு மட்டுமே உண்மை. குவியத் தூரம் 1.7 மடங்கு கூடியும் எஃப் எண் மாறாமல் இருக்க வேண்டுமானால், ஒளி நுழையும் வாயும் 1.7 மடங்கு விரிய வேண்டும். பழைய எஃப்.இசட். 20இன் வாய் 26 மி.மீ.க்குள் இருந்தது, 44 மி.மீ. அகலக் கண்ணாடி போதுமாக இருந்தது. ஆர்.எக்ஸ். 10க்கோ 93 மி.மீ. அகலக் கண்ணாடி வேண்டும். அதைவிடக் குறுகலானதை மாட்டினால் ஒளி குறையும், ஓரங்கள் இருளும். மலிவான கண்ணாடி என்றால் கிளை விளிம்புகளில் ஊதா நிறக் கோடும் வந்து சேரும். வெளிர் வானத்தை முதுகில் வைத்து உட்காரும் அந்தமான் கரிச்சான், வால்காக்கை போன்ற கரும்பறவைகளில் அந்தக் கோடு உடனே கண்ணை உறுத்தும்.

காட்டு ஒளி இங்கே கஞ்சமானது. தீவுகளின் தீர்க்கரேகை ஏறத்தாழ 92.7 பாகை, இந்திய நேரமோ 82.5 பாகைக்கு வகுக்கப்பட்டது. கடிகாரத்தைவிடச் சூரியன் நாற்பது நிமிடம் முந்திப் போகிறது. டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கே சூரியன் மறைந்துவிடும். மரக்கூரைக்கு அடியில் நான்கு மணிக்கே இருட்டத் தொடங்கும். ஆந்தைக்கும் பக்கிக்கும் காத்திருக்கிறவர்கள் கன்வர்ட்டரைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, கிடைத்த ஒளியில் எடுத்துப் பின்னால் கிராப் செய்வதே மேல். சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுத்தால் அந்தக் கிராப் இன்னும் தாங்கும். பி 900இல் ரா வசதி இல்லை, ஆர்.எக்ஸ். 10இல் உண்டு.

கன்வர்ட்டருக்கு ஒரு தனிச் சிறப்பும் இருக்கிறது. எடுத்த பின் செய்யும் கிராப்பால் அதைத் தர முடியாது. படம் எடுக்கும் முன்பே பறவை பெரிதாகத் தெரிவதால், ஃபோகஸ் முன்னால் இருக்கும் இலையில் சிக்காமல் கண்ணில் போய் நிற்கும் வாய்ப்பு கூடுகிறது. இலை நெருக்கத்துக்குள் உட்கார்ந்திருக்கும் செம்போத்துக்கு இது பெரிய உதவி. பறக்கும் பறவைக்கு நேர்மாறு. படகுக்கு மேல் சுற்றும் வெண்வயிற்றுக் கடற்கழுகையோ, பாராடாங் குகைகளுக்கு அருகே சுழலும் உழவாரக் குருவிகளையோ குறுகிய சட்டத்துக்குள் வைத்திருப்பது கடினம். அகலமாக எடுத்து வெட்டுவதே கைகொடுக்கும்.

கடலில்

போர்ட் பிளேருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 135 கி.மீ. தொலைவில் பேரன் தீவு இருக்கிறது. நெடுங்காலம் அடங்கிக் கிடந்து 1991இல் மீண்டும் வெடித்த எரிமலை அது. கரையில் இறங்க அனுமதி இல்லை. கப்பலிலிருந்துதான் பார்க்க முடியும். வெயிலில் கடற்பரப்பின் மேல் காற்று அலையலையாக நடுங்கும்போது, அந்த நடுக்கத்தையும் சேர்த்தே கன்வர்ட்டர் பெரிதாக்கும். கிராப்பும் அதையே பெரிதாக்கும். அங்கே பயன்படுவது விடிகாலை மட்டுமே. கப்பலின் அதிர்வுக்கு வேகமான ஷட்டர் வேண்டும். கன்வர்ட்டர் மாட்டினால், அதற்கென மெனுவில் தேர்வு உள்ள கேமராக்களில் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மறந்தால், குவியத் தூரம் மாறியது தெரியாமல் அதிர்வுத் தடுப்பு குறைவாகவே வேலை செய்யும்.

எடுக்கக் கூடாதவை

ஜிர்காடாங்கிலிருந்து ஜாரவா மக்களின் காப்பகம் வழியாகப் போகும் அந்தமான் டிரங்க் சாலையில் கேமராவையே வெளியே எடுக்கக் கூடாது. அங்கே வாகனங்கள் காவலோடு வரிசையாகப் போகின்றன. பழங்குடியினரைப் படமெடுப்பது 1956ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின் கீழ்க் குற்றம். 2012 திருத்தத்துக்குப் பின் சிறைத் தண்டனையும் உண்டு. தொலைவிலிருந்து எடுத்தேன் என்பது சமாதானமாகாது. நார்கொண்டம் இருவாச்சி உலகத்திலேயே நார்கொண்டம் என்ற ஒரு சிறு தீவில் மட்டும் வாழ்கிறது. அத்தீவு 1977 முதல் சரணாலயம். முன் அனுமதி இல்லாமல் போக முடியாது. கூடு கட்டும் பறவையின் பக்கத்தில் போவதைக் காட்டிலும் மங்கலான கிராப் படத்தோடு திரும்பி வருவது எவ்வளவோ நல்லது.

ஈரம்

தீவுகளில் ஆண்டுக்கு 3,000 மி.மீ. அளவுக்கு மழை பெய்கிறது. கன்வர்ட்டர் என்றால் கூடுதலாகத் துடைக்க வேண்டிய கண்ணாடிப் பரப்புகள். அதற்கும் லென்ஸுக்கும் உள்ள இடைவெளியில் உப்புக் காற்றும் ஈரமும் தங்கும். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே வந்ததும் அங்கே பனி படிந்து, பத்துப் பதினைந்து நிமிடம் எதுவும் தெரியாது. பூஞ்சை பிடித்தால் கண்ணாடியில் சிலந்தி வலைபோலப் படரும். பூச்சை அரித்துவிட்டால் துடைத்தும் போகாது. கன்வர்ட்டரை மாட்டியபடியே பையில் வைக்காமல், ஒவ்வொரு நாளும் கழற்றித் துடைத்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் தனியாக மூடி வைக்க வேண்டும். ஜெல் மணிகள் நிறம் மாறினால் வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்து மறுபடி போடலாம்.